பம்ப் என்ஜின் 8 நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை மூன்று முறை கழற்றியாயிற்று

அரைடேங்க் (இழையைத் தொடங்கியவர்)

தண்ணீர் இறைக்கும் பம்ப். 4 ஸ்ட்ரோக், 196 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. டேங்க் மேலே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்குவதுதான், தனி பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் 3.6 லிட்டர். நல்ல நிலையில் இருந்தபோது முழு டேங்கில் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஓடும்.

இப்போது முழு டேங்க் ஊற்றினால் 40 நிமிடம் போல ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. 5 நிமிடம் விட்டு இழுத்தால் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் 8 நிமிடத்தில் மறுபடி நிற்கும். அதற்குப் பிறகு எத்தனை முறை செய்தாலும் அதே 8 நிமிடம்தான். நின்றவுடன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது, பீங்கான் வெளுத்திருக்கிறது.

கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். மெயின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் முக்கியத் துளை) வெளிச்சம் தெரிகிறது. புது பிளக் போட்டாயிற்று. இன்னொரு தொல்லையும் உண்டு: லோடு இல்லாமல் (தண்ணீர் இறைக்காமல்) விட்டால் வூம்… வூம்… என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறா, வேறு வேறா என்று புரியவில்லை.

மாற்றிப்போடு

மூன்று முறை கழற்றினீர்கள் என்றால் நான்காவது முறை கழற்றாதீர்கள். கார்புரேட்டரையே புதிதாக மாற்றிவிடுங்கள். உங்கள் வகைக்குப் பொதுவான அளவில் கிடைக்கும். இரண்டு நட்டு, கவர்னர் (என்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) கம்பி, ஒரு குழாய். அரை மணி நேர வேலை.

தீப்பொறி

மாற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். சூடானதும் நிற்பது, ஆறினால் ஸ்டார்ட் ஆவது: இது காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) பழுதாகும்போது காட்டும் அறிகுறியும்கூட. உள்ளே சுற்று சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நான் இதே மாதிரி ஒரு என்ஜினில் கார்புரேட்டரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, கடைசியில் காயில்தான் என்று கண்டுபிடித்தவன்.

நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. டெஸ்டர் இருந்தால் நல்லது. வெறும் பிளக்கை என்ஜின் உடம்பில் வைத்துப் பார்ப்பதானால் பிளக் துளைப் பக்கம் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

ஆயில் அளவையும் பாருங்கள். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கைத் துண்டிக்கும் சென்சார் உள்ள வகையாக இருந்தால், பம்ப் கொஞ்சம் சரிவாக நின்றாலே அது வேலையைக் காட்டிவிடும்.

பழைய_ஸ்பேனர்

தீப்பொறி சொன்ன சோதனையைச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: என்ஜின் எப்படி நிற்கிறது? சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்றா, அல்லது மூச்சு வாங்கி, ஒருமுறை எகிறி, திணறி, அப்புறமா?

ஸ்பார்க் போனால் பெரும்பாலும் பட்டென்று நிற்கும். பெட்ரோல் பட்டினியில் நிற்கும் என்ஜின் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். கலவை மெலிய மெலிய இழுவை குறையும், சத்தம் மாறும், சில நேரம் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் போடும். அந்தத் திணறல் தொடங்கும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். உயிர் வந்து இன்னும் அரை நிமிடம் ஓடினால் அது பட்டினிதான். சோக் பெட்ரோலைக் கூட்டுவதில்லை, காற்றைக் குறைக்கிறது. காற்று குறைந்தால் உள்ளிழுப்பு கூடும், மிச்சம் இருக்கிற பெட்ரோலைச் சுரண்டி எடுக்கும்.

கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள். நீங்கள் மூன்று முறை சுத்தம் செய்தது ஆற்றின் முகத்துவாரத்தை. அணை திறந்திருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அரைடேங்க்

நேற்று மாலை செய்து பார்த்தேன். திணறித்தான் நிற்கிறது. பாதி சோக் இழுத்தவுடன் மறுபடி எழுந்து 40 விநாடி போல ஓடிவிட்டு நின்றது. நின்ற கையோடு ஸ்பார்க் பார்த்தேன், நீலமாகப் பளிச்சென்று அடிக்கிறது. ஆயில் மேல் கோடு வரை இருக்கிறது. என்ஜின் சமதளத்தில்தான் நிற்கிறது.

தீப்பொறி

அப்படியானால் காயில் இல்லை. நான் விலகிக்கொள்கிறேன்.

மெதுவோட்டம்

டேங்க் மூடிதான். மூடியில் காற்று போகும் சின்ன ஓட்டை அடைத்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். 5 நிமிடம் விட்டால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சரியாகும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், தீர்ந்தது கதை.

பழைய_ஸ்பேனர்

நானும் முதலில் மூடி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்ன ஒரு விவரம் உறுத்துகிறது: முழு டேங்கில் 40 நிமிடம், டேங்க் குறைந்தபின் 8 நிமிடம்.

மூடி அடைத்திருந்தால் இது தலைகீழாக இருக்கவேண்டும். முழு டேங்கில் பெட்ரோலுக்கு மேலே காற்று கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சக் காற்றில் சிறிது விரிவு வந்தாலே அழுத்தம் சட்டென்று விழும். பாதி காலியான டேங்கில் காற்று நிறைய, அழுத்தம் விழ நேரமாகும். அதாவது மூடிக் கோளாறு என்றால் டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் சீக்கிரம் நிற்கவேண்டும்.

இதில் எவ்வளவு மெல்லிய அழுத்தம் விளையாடுகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. கார்புரேட்டருக்கு மேல் 15 செமீ உயரத்தில் பெட்ரோல் நின்றால் அது தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். அவ்வளவுதான் மொத்தச் சக்தியும். நாம் வாயால் மெதுவாக ஊதினாலே அதைவிட அதிகம். அதனால்தான் குழாயில் ஊதிப் பார்த்துவிட்டு ‘அடைப்பு இல்லை’ என்று சொல்வதை நான் நம்புவதில்லை. நம் மூச்சு தாண்டும் அடைப்பைப் பெட்ரோல் தாண்டாது.

அரைடேங்க், டேங்க் நிறைந்தால் ஓடுகிறது, மட்டம் இறங்கினால் படுத்துக்கொள்கிறது. உங்கள் பெயரே விடையோ என்னவோ. எங்கேயோ பெட்ரோல் நெருக்கடியில் இறங்குகிறது. அளந்து பாருங்கள்:

என்ஜின் ஆறியபிறகு, வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யவேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தின் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன வடிகால் போல்ட் இருக்கும். நடுவில் கிண்ணத்தையே பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைத் திறந்துவிடாதீர்கள், இது வேறு. டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு வடிகாலைத் திறந்து, கிண்ணத்தில் உள்ளதை அளவு போட்ட கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டேப்பைத் திறந்து சரியாக 1 நிமிடம் பிடியுங்கள். முழு டேங்கில் ஒரு முறை, அரை டேங்கில் ஒரு முறை. இரண்டையும் மூடி போட்டும் போடாமலும். கிண்ணத்தில் பிடித்ததை உடனே கொட்டிவிடாதீர்கள், சற்று நேரம் அசையாமல் வைத்து அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறதா பாருங்கள்.

புல்வெட்டி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பட்டினிதான், ஆனால் 2 ஸ்ட்ரோக் புல்வெட்டும் இயந்திரம். சோக்கில் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ‘ப்பா…’ என்று அமுங்கி நிற்கிறது. இதில் கிண்ணமும் இல்லை, வடிகாலும் இல்லை. எதை அளப்பது?

பழைய_ஸ்பேனர்

உங்களுடையது டயாபிராம் கார்புரேட்டர். தலைகீழாகப் பிடித்தாலும் ஓடவேண்டும் என்பதால் மிதவையும் கிண்ணமும் கிடையாது. கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும் அழுத்தத் துடிப்பு ஒரு மெல்லிய சவ்வை அசைக்கிறது, அதுதான் உங்கள் பெட்ரோல் பம்ப். மறுபக்கம் இன்னொரு சவ்வு, அது ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியைத் திறந்து மூடும்.

பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தும் ரப்பர் குமிழ் இருக்கிறதா? இருந்தால் அது சொல்லும். அழுத்தி விட்டபின் ஒட்டிப்போய் எழும்பாமல் கிடந்தால் டேங்கிலிருந்து வரும் வழி அடைப்பு: உள்ளே கிடக்கும் வடிகட்டி, குழாய், அல்லது ஊசி. அழுத்தவே கடினமாக இருந்தால் டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைப்பு. எவ்வளவு அழுத்தினாலும் குமிழி குமிழியாகக் காற்றே வந்தால் குழாயில் வெடிப்பு, பெரும்பாலும் டேங்குக்குள் நுழையும் இடத்தில்.

குமிழ் நன்றாக நிறைந்தும் இப்படி அமுங்கினால் சவ்வைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது பட்டுத்துணி போல நெகிழும். பழசானால் காய்ந்த இலை போல விறைத்துச் சலசலக்கும். விறைத்த சவ்வு நெம்புகோலை முழுதாக அழுத்தாது.

ஒரு எச்சரிக்கை. ‘சோக்கில் வைத்தே ஓட்டிக்கொள்கிறேன்’, ‘திருகைக் கொஞ்சம் திறந்து சமாளிக்கிறேன்’ என்று காலம் தள்ளாதீர்கள். 2 ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மிலி. பெட்ரோல் பட்டினி என்றால் ஆயில் பட்டினியும் சேர்ந்தே. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அதற்கப்புறம் கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஒன்றுமிருக்காது.

மாற்றிப்போடு

இவ்வளவு அளவையும் கணக்கும் எதற்கு? அவர் புதிதாக மாற்றியிருந்தால் இந்நேரம் தண்ணீர் பாய்ந்திருக்கும்.

மெதுவோட்டம்

பாய்ந்திருக்காது. பெட்ரோலே இறங்கவில்லை என்றால் புதுக் கார்புரேட்டரும் 8 நிமிடத்தில்தான் நிற்கும். பிறகு ‘புதுசும் கோளாறு’ என்று அதையும் கழற்றுவோம். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அரைடேங்க்

அளந்துவிட்டேன். கைமுழுக்கப் பெட்ரோல் நாற்றம்.

கிண்ணத்தில் இருந்தது 45 மிலி. தண்ணீர் முத்து எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது.
முழு டேங்க், மூடி போட்டு: 1 நிமிடத்தில் 35 மிலி. மூடி திறந்து: அதே 35.
அரை டேங்க், மூடி போட்டு: 22 மிலி. மூடி திறந்து: 22, 23 அவ்வளவுதான்.

ஆக மூடி இல்லை. ஆனால் இந்த 22 அதிகமா குறைவா?

பழைய_ஸ்பேனர்

உங்கள் என்ஜினே பதில் சொல்லிவிட்டது. நல்ல நாளில் 3.6 லிட்டர் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் என்றீர்கள். அப்படியானால் மணிக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர், நிமிடத்துக்கு 28 மிலி.

முழு டேங்கில் வருவது 35, குடிப்பது 28. சமாளித்துவிடும். அரை டேங்கில் வருவது 22, குடிப்பது 28. நிமிடத்துக்கு 6 மிலி பற்றாக்குறை. அதைக் கிண்ணத்தில் உள்ள 45 மிலி ஈடுகட்டுகிறது. 45ஐ 6ஆல் வகுத்தால் ஏழரை. உங்கள் 8 நிமிடம் இதுதான். நின்றபிறகு 5 நிமிடத்தில் கிண்ணம் மறுபடி நிறைந்துவிடுகிறது, அதனால்தான் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. சூடாவதற்கும் ஆறுவதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ஒழுங்கான வழி என்றால் இந்த அளவு என்ஜினில் 100 மிலிக்கு மேல் கொட்டவேண்டும். இப்போது மேலிருந்து கீழாக வாருங்கள். டேங்க் அடியில் டேப்போடு சேர்ந்த வலை, டேப், குழாய், கார்புரேட்டரின் நுழைவாய், ஊசி. ஒவ்வொன்றாகக் கழற்றி அதே 1 நிமிடக் கணக்கு. குழாயை மடக்கிப் பாருங்கள், சில நேரம் வெளியே முழுசாக இருக்கும், உள் அடுக்கு மட்டும் உரிந்து நாக்கு போலத் தொங்கி வழியை மூடும். ஆமாம், இடையில் யாராவது ஏதாவது மாட்டியிருக்கிறார்களா?

அரைடேங்க்

போன பருவத்தில் நான்தான் ஒரு வடிகட்டி மாட்டினேன். டேங்கில் துரு இருந்தது, தூசி உள்ளே போகக்கூடாதே என்று. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். ஆனால் அது சுத்தமாகத்தான் தெரிகிறது!

பழைய_ஸ்பேனர்

அதுதான். சுத்தமா அழுக்கா என்பது இரண்டாவது பேச்சு. மடிப்புக் காகிதம் வைத்த பல வடிகட்டிகள் பெட்ரோல் பம்ப் தள்ளும் வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. பம்ப் இருந்தால் அந்தக் காகிதம் ஒரு தடையே இல்லை. உங்களுக்கு இருப்பது அந்த 1 சதவீதம். கூடவே உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் நனைந்த காகிதத்தைத் தாண்டி அது வெளியேறாது, பாதிக் காகிதம் சும்மா கிடக்கும். தானாக இறங்கும் அமைப்புக்கு நைலான் வலையோ பித்தளை வலையோ வைத்த வடிகட்டிதான் சரி. அதையும் குழாய் மேல்நோக்கி வளைந்து ஏறாமல் சரிவாகவே இறங்கும்படி மாட்டவேண்டும்.

கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

அரைடேங்க்

வடிகட்டி இல்லாமல் அரை டேங்கில் 160 மிலி! மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றியபோதும் அந்த வடிகட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் கழற்றினேன். கண்ணுக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

டேங்கைக் காலி செய்து துருவைக் கழுவிவிட்டேன். டேப்பின் வலையில் கொஞ்சம் செம்மண் மாதிரி இருந்தது, அதையும் எடுத்தாயிற்று. வலை வடிகட்டி மாட்டியபின் 130 வருகிறது. லோடில் நன்றாக இழுக்கிறது.

ஆனால் லோடு இல்லாதபோது அந்த வூம் வூம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மெதுவோட்டம்

என் பெயருக்கு ஏற்ற கேள்வி, இதற்கு நான் சொல்கிறேன். மூடி விஷயத்தில் தப்பு சொன்னதற்கு ஈடாக.

ஏறி இறங்குவது கவர்னரின் குற்றமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. லோடு இல்லாதபோது திராட்டில் (என்ஜினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், பெட்ரோல் பைலட் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வரவேண்டும். அது அடைத்திருந்தால் கலவை மெலிந்து வேகம் விழும். கவர்னர் பதறிப்போய் திராட்டிலைத் திறக்கும். திறந்தவுடன் மெயின் ஜெட் கொட்ட ஆரம்பிக்கும், வேகம் எகிறும். கவர்னர் மூடும். மறுபடி பட்டினி. இந்தச் சுற்றுதான் வூம் வூம். பாதி சோக் போட்டால் நிற்கிறதா பாருங்கள். நின்றால் மெலிந்த கலவை என்று உறுதி.

உங்கள் வகையில் பைலட் ஜெட் பெரும்பாலும் கிண்ணத்துக்குள் இருக்காது. மேலே ஐடில் (மெதுவோட்ட) வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதல்லவா, அதைக் கழற்றினால் அடியில் பிளாஸ்டிக் தலையோடு ஒரு சின்னத் துண்டு அமுக்கி வைத்திருக்கும். ஓரத்தில் நெம்பினால் வரும். திருகை எத்தனை சுற்று வெளியே வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் நுனியில் இருக்கும் ஓட்டை தலைமுடி அளவுதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு புள்ளி தெரியவேண்டும், கச்சிதமான வட்டமாக.

ஊசியையோ எஃகுக் கம்பியையோ விடாதீர்கள். மின்வயரில் பல இழை இருக்குமே, அதில் ஒரே ஒரு செம்பு இழை போதும். பிறகு கார்ப் கிளீனர், அழுத்தக் காற்று. கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் திரவம் எதிர்ப்பக்க ஓட்டை வழியாக நேராக முகத்துக்கு வரும்.

பழைய_ஸ்பேனர்

மெயின் ஜெட்டுக்கு மேலே நிற்கும் பித்தளைக் குழலையும் வெளியே எடுங்கள். பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், காற்றும் பெட்ரோலும் நுரையாவது அங்கேதான். ஜெட்டை மட்டும் எடுத்துக் குழலை உள்ளேயே விட்டுவிட்டு ‘சுத்தம் செய்தேன்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

வெளிச்சம் தெரிந்தால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். 0.7 மிமீ ஓட்டையில் பழைய பெட்ரோலின் பிசின் படிந்து 0.6 ஆனாலும் வெளிச்சம் நன்றாகவே தெரியும். பரப்பு கால்பங்குக்கு மேல் குறைந்திருக்கும்.

இவ்வளவும் செய்து நிற்காவிட்டால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்டில் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) காற்று இழுக்கிறதா பாருங்கள். மூன்று முறை கழற்றி மாட்டியது, கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

புல்வெட்டி

என் கதை முடிந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. குமிழ் நன்றாக நிறைந்தது. திறந்து பார்த்தால் சவ்வும் புதுசு, போன மாதம் நானே மாற்றியது. ஆனால் ஊசிப் பக்கம் கேஸ்கட்டையும் சவ்வையும் வரிசை மாற்றிப் போட்டிருக்கிறேன். உடம்போடு ஒட்டி முதலில் கேஸ்கட், அதன்மேல் சவ்வு என்று இருக்கவேண்டியது, என்னிடம் தலைகீழ். மாற்றிப் போட்டதும் ஆக்ஸிலேட்டருக்கு உடனே பதில் சொல்கிறது.

மாற்றிப்போடு

‘மாற்றிப் போட்டதும்’ சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆரம்பத்திலிருந்தே அதைத்தானே சொன்னேன்.

அரைடேங்க்

பைலட் ஜெட் மெதுவோட்டம் சொன்ன இடத்தில்தான் இருந்தது. இத்தனை நாள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளியே இல்லை, முழு இருட்டு. செம்பு இழை மூன்றாவது முயற்சியில் நுழைந்தது, வெளியே வரும்போது நுனியில் பச்சையாக ஏதோ பசை. குழலின் ஓட்டைகளில் இரண்டு அடைத்திருந்தன. கேஸ்கட்டின் ஒரு மூலை உண்மையிலேயே கிழிந்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.

இன்று காலை வேண்டுமென்றே அரை டேங்க் மட்டும் ஊற்றி ஓட்டினேன். லோடு இல்லாமல் விட்டபோது ஒரே சீராக நின்றது, வூம் வூம் இல்லை. பிறகு லோடில் போட்டேன். 8 நிமிடம் ஆனபோது பக்கத்திலேயே நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 10 ஆயிற்று, 20 ஆயிற்று, நான் போய் வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். 1 மணி 5 நிமிடத்தில் திணறி நின்றது. ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்தேன், டேங்கில் சொட்டு இல்லை.

பழைய_ஸ்பேனர்

1.8 லிட்டர், 65 நிமிடம். கணக்கு சரியாக இருக்கிறது.